பழைய 250 கிலோவாட் காற்றாலை: வாங்க நினைப்போருக்கு ஒரு நூற்பாலையின் மதிப்பீடு

தென்மாவட்டங்களிலும் கொங்குப் பகுதியிலும் சிறிய நூற்பாலை, விசைத்தறிக் கூடம், ஐஸ் ஆலை நடத்துவோர் மின்கட்டணத்தைக் குறைப்பதற்கு இப்போது இரண்டு வழிகளைப் பற்றி விசாரிக்கிறார்கள். ஒன்று, ஆலையின் கூரையிலேயே சூரியத் தகடுகளைப் பொருத்துவது. மற்றொன்று, ஆரல்வாய்மொழி, இராதாபுரம், கயத்தாறு, பல்லடம், உடுமலை ஆகிய பகுதிகளில் அவ்வப்போது விற்பனைக்கு வரும் பழைய காற்றாலை ஒன்றை நிலத்தோடு வாங்கி, அதில் உற்பத்தியாகும் யூனிட்டுகளை ஆலையின் உயரழுத்த இணைப்புக் கணக்கில் கழித்துக்கொள்வது. எங்கள் ஆலையில் இரண்டும் இருக்கின்றன. மின்சாரப் பிரிவைக் கவனிப்பவன் என்ற முறையில், இரண்டாவது வழியில் நாங்கள் வாங்கிய 250 கிலோவாட் இயந்திரத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாங்கள் வாங்கிய இயந்திரம் நடுத்தரமானது, ஆனால் அது நிற்கும் இடத்தைப் போன்ற இடம் இனிக் கிடைப்பது அரிது. பழைய காற்றாலைக்கு விலை பேசுபவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

இயந்திரம் 1990களின் நடுப்பகுதியில் நிறுவப்பட்டது. ஐரோப்பியத் தொழில்நுட்பக் கூட்டோடு அக்காலத்தில் நம் நாட்டில் தயாரான வகையைச் சேர்ந்தது. இரும்புச் சட்டங்களாலான கோபுரம். ஏறத்தாழ 30 மீட்டர் உயரம். மூன்று இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டமும் ஏறத்தாழ 30 மீட்டர். இறக்கைகளின் கோணம் மாறாது. காற்று மிகுந்தால், இறக்கையின் வடிவமே காற்றோட்டத்தைக் குலைத்துத் திறனை ஒரு வரம்புக்குள் நிறுத்திக்கொள்கிறது; இன்றைய இயந்திரங்களில் ஒவ்வோர் இறக்கையும் தன் அச்சில் திரும்பிக் காற்றுக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதைப் போன்ற ஏற்பாடு இதில் இல்லை. அவசரத்தில் நிறுத்துவதற்கு இறக்கை நுனிகள் திரும்பித் தடை போடும். காற்று நொடிக்கு மூன்றரை மீட்டர் அளவைத் தொடும்போது இயந்திரம் உற்பத்தியைத் தொடங்குகிறது. 25 மீட்டரைத் தாண்டினால் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. எளிய அமைப்பு என்பதால், உள்ளூர்ப் பணியாளர்களே இதன் பெரும்பாலான பழுதுகளைப் பார்த்துவிடுகிறார்கள். இந்த எளிமையை நான் குறைவாக மதிக்கவில்லை. இவ்வளவு வயதான பிறகும் இந்த இயந்திரம் ஓடிக்கொண்டிருப்பதற்கு அதுவே காரணம்.

இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மழையைக் கொட்டியபின், மலைத்தொடரில் எங்கெல்லாம் இடைவெளி இருக்கிறதோ அங்கெல்லாம் நெருங்கிப் புகுந்து, வேகம் கூடிக் கிழக்கே பாய்கிறது. பாலக்காட்டுக் கணவாய் பல்லடம், உடுமலைப் பகுதிக்கும், செங்கோட்டைக் கணவாய் தென்காசி, சுரண்டை, கயத்தாறு பகுதிக்கும், கம்பம் கணவாய் தேனி, ஆண்டிபட்டிப் பகுதிக்கும், ஆரல்வாய்மொழிக் கணவாய் முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி, இராதாபுரம் பகுதிக்கும் காற்றைக் கொண்டுவருகின்றன. முப்பந்தலைச் சுற்றி மட்டும் சுமார் 1,500 மெகாவாட் திறனுள்ள காற்றாலைகள் நிற்பது தற்செயலன்று. காற்றிலுள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் கிடைப்பதைப் போல 8 மீட்டர் வேகத்தில் இரண்டேகால் மடங்குக்கும் கூடுதலான ஆற்றல் கிடைக்கிறது. காற்றாலையில் இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். சூரியத் தகட்டை ஊர் மாற்றி வைத்தால் உற்பத்தி பத்து விழுக்காடு கூடலாம், குறையலாம். காற்றாலையைக் கணவாயின் நேர்கோட்டிலிருந்து சில கிலோமீட்டர் விலக்கி நட்டால், ஆயுள் முழுவதும் அந்த இழப்பைச் சுமக்க வேண்டியிருக்கும்.

இனி உற்பத்திக்கு வருகிறேன். 250 கிலோவாட் இயந்திரம் ஆண்டு முழுவதும் முழுத் திறனில் ஓடினால் 21.9 லட்சம் யூனிட் தர வேண்டும். நடைமுறையில், நல்ல காற்றடிக்கும் ஆண்டில் எங்களுடையது ஐந்து லட்சம் யூனிட்டை நெருங்குகிறது. மந்தமான ஆண்டில் நான்கு லட்சத்திற்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதாவது, முழுத் திறனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இதைக் கேட்டதும் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள். அவர்களிடம் நான் உடனே சொல்வது, சூரியத் தகட்டின் கணக்கும் இதற்கு மேலானதன்று என்பதுதான். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு ஆண்டுக்குச் சுமார் 1,500 யூனிட் தருகிறது. அதன்படி 250 கிலோவாட் தகடுகள் தருவது மூன்றே முக்கால் லட்சம் யூனிட். ஆண்டுக் கணக்கில் பார்த்தால், முப்பதாண்டை நெருங்கும் பழைய காற்றாலையும் புத்தம் புதிய சூரியத் தகடும் கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருக்கின்றன. தகடுகளிலோ ஓடும் பாகம் எதுவுமில்லை. தூசியைத் துடைத்து வந்தால் போதும். பஞ்சாலையில் மட்டும் அந்தத் துடைப்பு சற்று அடிக்கடி வேண்டும். காற்று வெளியேற்றும் துளைகளின் அருகே பஞ்சுத் துகள் தகடுகளின் மேல் படலமாகப் படிந்துவிடுகிறது. 250 கிலோவாட்டுக்குச் சுமார் 25,000 சதுர அடிக் கூரையும் தேவைப்படும். பழைய கல்நார்க் கூரைகள் அந்தச் சுமையைத் தாங்குவதில்லை.

அப்படியானால் காற்றாலை எதற்கு என்று கேட்கலாம். நூற்பாலை மூன்று ஷிப்டும் ஓடுகிறது என்பதுதான் விடை. நூல் நூற்கும் கதிர்கள் நள்ளிரவிலும் நண்பகலிலும் ஒரே அளவு மின்சாரத்தைக் கேட்கின்றன. சூரியத் தகடு காலை எட்டு மணிக்குமேல் சூடுபிடித்து மாலை ஐந்து மணிக்குள் ஓய்ந்துவிடுகிறது. உயரழுத்த இணைப்புகளுக்குக் கூடுதல் கட்டணம் விதிக்கப்படும் மாலை உச்ச நேரம், அது ஓய்ந்தபின்தான் தொடங்குகிறது. காற்றுப் பருவத்தில் எங்கள் இயந்திரமோ பிற்பகலில் வலுத்து, அந்த உச்ச நேரம் முழுவதும் ஓடி, பல நாட்களில் நள்ளிரவைத் தாண்டியும் நிற்காமல் சுழல்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் மேகம் சூழ்ந்து தகடுகள் மந்தமாகும்போதுதான் காற்று உச்சத்தில் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் வெயில் கொளுத்தும்போது காற்று அடங்கியிருக்கிறது. இரண்டின் மாதவாரி உற்பத்தியையும் ஒரே தாளில் வரைந்து பார்த்தால், ஒன்று தாழும் இடத்தில் மற்றது எழுவதைக் காணலாம். புதுப்பிக்கத்தக்க ஆற்றல் மூலங்களில் எது சிறந்தது என்ற கேள்வி ஆலைக் கணக்கில் பொருளற்றுப் போகும் இடம் இது. எந்த நேரத்தில் எது கிடைக்கிறது என்பதே எங்களைப் போன்றவர்களுக்குப் பயன்படும் கேள்வி.

ஆனால் பருவச் சாய்வு மிகக் கடுமையானது என்பதையும் மறைக்கக் கூடாது. வைகாசியின் பிற்பகுதியிலிருந்து புரட்டாசி தொடங்கும் வரையிலான காலத்திற்குள் எங்கள் ஆண்டு உற்பத்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு வந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சிறிதளவு தலைகாட்டுகிறது. மாசி, பங்குனியில் இயந்திரம் பெரும்பாலும் நின்றே கிடக்கிறது. இந்தச் சாய்வைத் தாங்குவதற்காகவே தமிழ்நாட்டில் காற்றாலை மின்சாரத்தைக் கணக்கில் வரவு வைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளும் வசதி ஏற்பட்டது. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான கணக்காண்டுக்குள், காற்றுப் பருவத்து உபரியைக் காற்றில்லாத மாதங்களில் கழித்துக்கொள்ளலாம். பழைய இயந்திரங்கள் இன்றும் நல்ல விலைக்குப் போவதற்குப் பெருங்காரணம் இதுதான். பின்னர் வந்த ஆணைகளில் புதிய இயந்திரங்களுக்கு இவ்வசதி சுருக்கப்பட்டது. உச்ச நேரத்தில் உற்பத்தியான யூனிட், பிற நேரத்தில் உற்பத்தியான யூனிட் என்று நேரவாரியாகப் பிரித்தே கழிக்கப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். சூரியத் தகட்டின் பகல்நேர யூனிட்டைக் கொண்டு மாலை உச்ச நேரத்து நுகர்வை ஈடுகட்ட முடியாது; காற்றாலையின் மாலை யூனிட்டால் முடியும். ஆகவே ஒரு யூனிட் என்பது எப்போதும் ஒரே மதிப்புள்ளதன்று. வாங்குமுன், குறிப்பிட்ட இயந்திரத்தின் ஒப்பந்தத்தில் இந்த வசதி எந்த வடிவில் இருக்கிறது, பெயர் மாற்றத்திற்குப் பின்னும் அது தொடருமா என்பதை எழுத்து வடிவில் பார்த்துவிட வேண்டும். தரகர் வாய்மொழியாகச் சொல்வதை வைத்துக்கொண்டு முன்பணம் கொடுக்கலாகாது.

பராமரிப்பைப் பொறுத்தவரை, என் மதிப்பீடு கலவையானது. தினப்படிக் கவனிப்பு எளிது. பெரிய பழுது வந்தால் கணக்கு அடியோடு மாறிவிடுகிறது. இவ்வகை இயந்திரத்தின் பலவீனம் கியர் பாக்ஸ். நிமிடத்துக்கு 40 சுற்றளவில் மெதுவாகச் சுழலும் இறக்கையின் வேகத்தை, நிமிடத்துக்கு 1,000 அல்லது 1,500 சுற்றுக்கு ஏற்றித் தருவது அதன் வேலை. மின்தொடரில் மின்சாரம் திடீரென்று அற்றுப்போனால், சுமை நீங்கிய இறக்கைகள் வேகமெடுக்காதபடி தடை உடனே விழுகிறது. அந்த அதிர்ச்சி முழுவதையும் கியர் பாக்ஸின் பற்கள் ஏற்கின்றன. இப்படிப் பல ஆண்டுகள் அடிவாங்கிய கியர் பாக்ஸ் ஒன்று காற்றுப் பருவத்தின் நடுவில் உடைந்தது. அப்போது நாங்கள் ஒப்பந்தம் செய்திருந்த பராமரிப்பு நிறுவனம் மாற்றுப் பாகம் கையிருப்பில் இருப்பதாகச் சொல்லியிருந்தது, உண்மையில் இல்லை. வெளியூரிலிருந்து பழுது பார்த்த கியர் பாக்ஸை வரவழைத்து, பெரிய கிரேனுக்கு முறை வைத்துக் காத்திருந்து, ஏற்றி முடிப்பதற்குள் அவ்வாண்டின் சிறந்த காற்று கடந்துவிட்டது. செலவைக் காட்டிலும் அந்த இழந்த யூனிட்டுகள்தான் எங்களைப் பாதித்தன. இதன்பின், சித்திரையிலேயே எண்ணெயை ஆய்வுக்கு அனுப்பி உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பதையும், தாங்குருளைகளின் அதிர்வை அளப்பதையும் கட்டாயமாக்கிக்கொண்டோம். பராமரிப்பு ஒப்பந்தம் பேசுவோர், பருவ மாதங்களில் இயந்திரம் ஓடத் தயாராக இருந்த நேரத்திற்குத் தனி உத்தரவாதமும், அது குறைந்தால் இழப்பீடும் கேட்க வேண்டும். ஆண்டுச் சராசரியாக 95 விழுக்காடு என்று எழுதித் தருவது வாங்குபவருக்கு எந்தப் பாதுகாப்பும் ஆகாது. மாசி மாதத்தில் தயாராக இருந்து என்ன பயன்?

சிறு தொல்லைகள் சில உண்டு. கட்டுப்பாட்டுப் பெட்டியின் மின்னணு அட்டைகள் இப்போது எங்கும் தயாராவதில்லை. பழைய அட்டைகளைச் சரிசெய்து தரும் சிறு பட்டறைகளை நம்பியே காலம் ஓடுகிறது. இந்த வகை மின்னாக்கி தன் காந்தப்புலத்திற்கு மின்தொடரிலிருந்தே எதிர்வினைத் திறனை உறிஞ்சுகிறது என்பதால், அதை ஈடுகட்டும் கெபாசிட்டர்கள் பழுதானால் அதற்கெனத் தனிக் கட்டணம் பில்லில் ஏறிவிடும். காற்றில்லாத மாதங்களில் செம்புக் கம்பித் திருட்டு நடக்கும் பகுதிகளில் காவலாள் இல்லாமல் விடக் கூடாது. கடலோரத்திற்கு அருகே நிற்கும் இரும்புச் சட்டக் கோபுரங்களின் இணைப்புத் திருகுகளை ஆண்டுதோறும் பார்த்து, துருவைச் சுரண்டிச் சாயம் பூச வேண்டும்.

இந்த ஓர் இயந்திரத்தை மதிப்பிடும்போது, அது எந்த வரலாற்றிலிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் காற்றாலைப் பண்ணை 1986-இல் தூத்துக்குடிப் பகுதியில் தொடங்கியது. அன்றைய இயந்திரங்கள் ஒவ்வொன்றும் 55 கிலோவாட் அளவிலானவை. 1990களில் காற்றாலைக்கு முதலாண்டிலேயே முழுத் தேய்மானத்தையும் கழித்துக்கொள்ள வருமான வரியில் இடம் தரப்பட்டதால், நூற்பாலைகள் முதல் நகைக்கடைகள் வரை பலரும் கணவாய்களின் முகப்பில் நிலம் வாங்கி இயந்திரம் நட்டார்கள். அவர்களில் சிலருக்கு உற்பத்தியைவிட வரிச்சலுகையே முதன்மையாக இருந்தது. எப்படியாயினும், இந்தியாவின் காற்றாலைத் தொழில் இங்கே வேரூன்றியது அவர்களால்தான். நீண்ட காலம் முதலிடத்தில் இருந்த தமிழ்நாடு, 10,000 மெகாவாட்டைத் தாண்டிய பின்னர் அந்த இடத்தைக் குஜராத்திடம் விட்டது. 2025 மார்ச் இறுதியில் இந்தியாவின் காற்றாலைத் திறன் 50,000 மெகாவாட்டைச் சற்றே தாண்டியிருந்தபோது, சூரிய மின் திறன் 1,05,000 மெகாவாட்டைக் கடந்திருந்தது. தகட்டின் விலை வீழ்ச்சியும், எந்த ஊரிலும் சில வாரங்களில் பொருத்திவிடலாம் என்ற வசதியும் சூரியனுக்கு இந்த வேகத்தைக் கொடுத்தன. வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் பொருத்தினால் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கும் நாட்டில், சூரியனைத் தேர்ந்தெடுப்போர் பெருகுவது இயல்பே.

ஆனாலும் திறனின் அளவை வைத்து மட்டும் காற்றின் இடத்தை முடிவுசெய்யக் கூடாது. 2022 ஜூலையில் தமிழ்நாட்டின் காற்றாலைகள் ஒரே நாளில் 12 கோடி யூனிட் தந்தன. அதில் ஒரு பங்கு சூரியன் இல்லாத நேரத்தில் வந்தது. நீர்மின்சாரம் வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூடத்தக்கது. ஆனால் புதிய அணைகளுக்கு இடமில்லை. கரும்புச் சக்கையில் எடுக்கும் மின்சாரம் அரவைப் பருவத்தோடு நின்றுவிடுகிறது. காற்றும் சூரியனும்தான் பெருகக்கூடியவை, இரண்டும் நேரத்தால் ஒன்றையொன்று நிரப்புபவை. இவற்றுக்கிடையே எஞ்சும் இடைவெளியைக் காடம்பாறையில் உள்ளதைப் போன்ற நீரேற்று நிலையங்கள் நிரப்ப வேண்டும்; உபரி மின்சாரத்தில் நீரை மேலே ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் இறக்கி மின்சாரமெடுக்கும் 400 மெகாவாட் நிலையம் அது. கரியமிலக் கணக்கிலும் காற்று முன்னணியில் இருக்கிறது. கட்டுமானம் முதல் அகற்றுவது வரை ஆயுள் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால், காற்றாலையின் ஒரு யூனிட்டுக்கு வெளிப்படுவது 11 அல்லது 12 கிராம் அளவு என்று பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு 2014-இல் மதிப்பிட்டது. நிலக்கரிக்கு அந்த அளவு 820 கிராம். குறையென்று சொல்ல வேண்டியது, பழைய இறக்கைகளின் கண்ணாடி இழைக் கலவையை உருக்கி மீண்டும் பயன்படுத்த எளிய வழி இல்லை என்பது. ஆயிரக்கணக்கான பழைய இயந்திரங்கள் அகற்றப்படும் நாள் நெருங்குவதால், இதற்கான ஏற்பாட்டை இப்போதே செய்ய வேண்டும்.

இங்கேதான் எங்கள் இயந்திரத்தைப் பற்றிய என் முதன்மையான குறை எழுகிறது. தமிழ்நாட்டின் மிகச் சிறந்த காற்று வீசும் இடங்களில் மிகச் சிறிய, மிகப் பழைய இயந்திரங்கள் நின்றுகொண்டிருக்கின்றன. நல்ல நன்செய்யில் ஊன்றிய பழைய பந்தலைப்போல, அவை இருக்கும்வரை அங்கே வேறொன்றும் விளையாது. எங்கள் இறக்கைகள் வாரிப் பிடிக்கும் வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 707 சதுர மீட்டர். இன்று நடப்படும் 130 மீட்டர் விட்டமுள்ள இயந்திரத்தின் பரப்பு 13,000 சதுர மீட்டருக்கும் மேல், அதாவது 18 மடங்குக்கும் அதிகம். 30 மீட்டர் உயரத்திலிருந்து 120 மீட்டருக்குப் போகும்போது காற்றின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடுவதாகக் கொண்டாலும், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ முக்கால் பங்கு கூடிவிடுகிறது. தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் 150 மீட்டர் உயரத்தில் தமிழ்நாட்டின் வாய்ப்பை ஏறத்தாழ 95,000 மெகாவாட் என்று மதிப்பிட்டிருப்பதும் இந்த உயரத்தின் பயனைக் காட்டுகிறது.

பழையவற்றை அகற்றிப் புதியவை நடுவதற்கும், புதுப்பித்து ஆயுளை நீட்டிப்பதற்கும் தமிழ்நாடு அரசு 2024-இல் தனிக் கொள்கையை வெளியிட்டது. ஆயினும் களத்தில் தடை பெரியது. பெரிய இயந்திரங்களுக்கிடையே, அவை ஒன்றின் காற்றை மற்றொன்று தின்றுவிடாதபடி, இறக்கை வட்டத்தின் விட்டத்தைப்போல ஐந்து, ஏழு மடங்கு இடைவெளி விட வேண்டும். 130 மீட்டர் விட்டத்திற்கு இது 650 மீட்டரும் 910 மீட்டருமாக விரிகிறது. அந்தப் பரப்பிற்குள் இன்று பல முதலாளிகளின் பல சிறு இயந்திரங்கள் நிற்கின்றன. ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு நிலம், ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய ஒப்பந்தம், அதில் விட மனமில்லாத ஒரு யூனிட் வரவு வசதி. அத்தனை பேரும் கூட்டாகச் சேர்ந்து, புதிய இயந்திரத்தில் தமக்குரிய பங்கை ஏற்றுக்கொண்டால்தான் அங்கே பெரிய காற்றாலை எழும். தனக்கெனக் கூட்டாக மின்நிலையம் அமைப்போர் குறைந்தது 26 விழுக்காடு பங்கு வைத்திருந்து, உற்பத்தியில் 51 விழுக்காட்டுக்குக் குறையாமல் தாங்களே நுகர வேண்டும் என்ற 2005-ஆம் ஆண்டு மின்சார விதி இதற்கு ஏற்ற சட்ட வடிவைத் தருகிறது. பழைய வசதிகள் புதிய இயந்திரத்திற்கும் எந்த அளவு தொடரும் என்பதை ஐயமின்றி உறுதிசெய்தால் சேர்வோர் பலர் உண்டு என்பது, சுற்றியுள்ள உரிமையாளர்களோடு பேசிய அளவில் எனக்குத் தெரிகிறது.

எனவே வாங்க நினைப்போர் முதலில் கேட்க வேண்டியது நிலத்தின் பத்திரத்தை. இயந்திரத்தின் படத்தை அன்று. நிலம் விற்பவரின் பட்டாவில் இருக்கிறதா, பாதையும் கம்பிவழியும் யார் நிலத்தில் போகின்றன, துணைமின் நிலையம் வரை கம்பித் தொடர் தனியா பொதுவா என்பனவற்றைப் பாருங்கள். அடுத்து, குறைந்தது ஐந்து காற்றுப் பருவங்களின் மாதவாரி யூனிட் அறிக்கையைக் கேட்டு வாங்கி, பக்கத்து இயந்திரத்தின் அறிக்கையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாகத் தாழ்ந்திருந்தால் காற்றுக் குறைவு. இது மட்டும் தாழ்ந்திருந்தால் பழுது. ஆடி மாதத்தில் நேரில் சென்று, கோபுரத்தின் அடியில் நின்று கியர் பாக்ஸின் ஓசையைக் கேட்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். பகலில் மட்டும் ஓடும் தொழிற்கூடம் உங்களுடையது என்றால், இந்தப் பணத்தைக் கூரைச் சூரியத் தகட்டில் போடுவதே மேல். மூன்று ஷிப்டு ஓடும் ஆலையாக இருந்து, நிலமும் ஒப்பந்தமும் தெளிவாக இருந்து, ஒரு கியர் பாக்ஸ் மாற்றும் செலவைத் தனியே ஒதுக்கி வைக்க முடியுமானால், இந்தப் பழைய 250 கிலோவாட் இயந்திரத்தை நான் பரிந்துரைக்கிறேன். பேரத்தின்போது இயந்திரத்திற்குப் பழைய இரும்பின் விலைக்கு மேல் சற்றே கொடுங்கள்; எஞ்சியதைக் கணவாயின் நேர்கோட்டில் கிடக்கும் அந்த நிலத்திற்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.